வல்வெட்டித்துறை: எதிர்க்கரையைப் பார்த்து வாழ்ந்த ஊர்

இளையவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வல்வெட்டித்துறை ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம்தானே? அங்கே கப்பல் கட்டி அமெரிக்கா வரைக்கும் ஓட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் இன்றைக்கு அங்கே ஏன் ஒரு கப்பலும் இல்லை?"

உண்மைதான். கட்டினார்கள், ஓட்டினார்கள், ஒன்று அமெரிக்காவுக்கும் போனது. எங்கள் ஆட்கள் வழக்கமாக அந்த அமெரிக்கக் கப்பலின் கதையைச் சொல்லிப் பெருமைப்பட்டு அதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு உங்கள் கடைசிக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. கப்பல் ஏன் வந்தது, ஏன் போனது என்று தெரிந்தால்தான் அந்த ஊர் விளங்கும். என் கணிப்பில் இரண்டுக்கும் விடை ஒன்றே. எதிர்க்கரை, அதாவது தமிழ்நாட்டுக் கரை, திறந்திருந்தவரை ஊர் வளர்ந்தது. எதிர்க்கரைக்குப் போகும் வழி அடைபட, ஊர் சுருங்கியது.

முதலில் ஊர் இருக்கும் இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியின் வடக்குக் கரை. பருத்தித்துறைக்கு மேற்கே, தொண்டைமானாற்றுக்கும் பொலிகண்டிக்கும் நடுவில். தெற்கே வல்வெட்டி, உடுப்பிட்டி என்று தோட்டமும் பனையுமான ஊர்கள். யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம். வடக்கே கடலைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் கோடிக்கரை, சுமார் 60 கிலோமீற்றர். இப்போதைய கணக்கில் நகரம்தான் கிட்ட. பாய்க்கப்பல் காலத்தில் அப்படி இல்லை. மாட்டுவண்டியில் மணல் ஒழுங்கைகளைக் கடந்து நகரத்துக்குச் சரக்குக் கொண்டுபோவதைவிட, நல்ல காற்று வாய்த்தால் இரவோடிரவாக அக்கரை சேர்வது லேசு. 1905 இல் கொழும்பிலிருந்து ரயில் பாதை வந்து காங்கேசன்துறையில் முடிந்தது. வடமராட்சிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஆகவே அந்த ஊர்க்காரர் கண்ணுக்கு நாகபட்டினமும் தொண்டியும் காரைக்காலும் பக்கத்து ஊர்கள். கொள்வனவு கொடுப்பனவு, கோயில் நேர்த்தி, எல்லாம் அக்கரையோடு பின்னிக் கிடந்தன.

இத்தனைக்கும் அந்தக் கரை கப்பலுக்கு வாய்ப்பான கரையே இல்லை. இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையையொட்டி முருகைக்கல் பார். அதில் அலை உடைந்துகொண்டே இருக்கும். பாரை ஊடறுத்து ஆங்காங்கே இருக்கும் ஒடுக்கமான வழியை 'வான்' என்பார்கள். வான் தெரியாதவன் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவர முயன்றால் அடிப்பலகை போய்விடும். பெரிய கப்பல்கள் பாருக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். வத்தைகள் என்ற சிறு படகுகள் வான் வழியாகப் போய் மூட்டைகளை இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் தோளில் சுமந்து கரை சேர்ப்பார்கள். அப்படியிருந்தும் பிரித்தானியர் காலத்தில் வல்வெட்டித்துறை பதிவுபெற்ற ஒரு துறைமுகம். வட கடற்கரையில் காங்கேசன்துறை, பருத்தித்துறையோடு அதன் பெயரும் அரசாங்கப் பட்டியலில் இருந்தது. இடத்தின் வாய்ப்பைவிட ஆட்களின் கெட்டித்தனம் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது என்பேன்.

அந்தக் கெட்டித்தனத்தில் பாதி, காற்றை அறிவது. ஊரின் ஆண்டுக்கணக்கே காற்றுக்கணக்கு. வைகாசி வாக்கில் பிடித்துப் புரட்டாசி வரை அடிப்பது சோளகம், தென்மேற்குக் காற்று. ஐப்பசி கழிய வருவது வாடை, வடகிழக்குக் காற்று, மழையும் அதோடுதான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். பர்மாவுக்குப் போகிற கப்பல் சோளகத்தை முதுகில் வாங்கி வங்காள விரிகுடாவில் ஏறும். திரும்பும்போது வாடையில் இறங்கி வரும். ஆகவே ஒரு பெரிய பயணம் என்றால் மாதக்கணக்கு. வாடை பலமாக வீசினால் வட கரையில் கப்பல் நிற்கவும் முடியாது. ஒதுக்கான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும். வீட்டுக் கல்யாணங்களுக்கு நாள் பார்க்கும்போது கப்பல் திரும்பும் காலத்தையும் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

கப்பல் கட்டும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கட்டுபவர் ஓடாவியார். வரைபடத் தாள் கிடையாது. அளவு அவருடைய தலையிலும் கைமுழத்திலும் இருந்தது. கடற்கரை மணலில் முதலில் ஏரா வைப்பார்கள். ஏரா என்றால் கப்பலின் அடியில் முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை ஓடும் முதுகு மரம். அதை வைக்கும் நாள் வீட்டுக்கு நிலைக்கதவு வைக்கும் நாள் மாதிரி, நல்ல நேரம் பார்த்துப் பூசையோடு செய்வது. அதன் மேல் இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி வங்குகள் எழும்பும். வங்குக்கு வளைந்த மரம் வேண்டும். நேர் மரத்தை வெட்டி வளைவாக்கினால் நார் அறுந்து பலம் போய்விடும். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கொம்பாக இருக்கவேண்டும். அதனால் ஓடாவியார் மரம் வாங்கப் போனால் அடிமரத்தைப் பார்ப்பதற்கு முன் கொப்புகளைத்தான் அண்ணாந்து பார்ப்பார்: இந்த வேம்பின் இந்தக் கவர் இடது பக்க வங்குக்கு ஆகும், அந்த இலுப்பை அணியத்துக்கு ஆகும் என்று நிற்கும் மரத்திலேயே கப்பலைக் காண்பார். வேம்பும் இலுப்பையும் உப்புத் தண்ணீருக்கும் புழுவுக்கும் தாக்குப்பிடிக்கும். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது.

பலகை அறைந்து முடித்ததும் கலப்பத்து. பலகைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு பொருத்திலும் பஞ்சுத் திரியைத் திணித்து உளியால் இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். இதில் ஒரு விரற்கடை தவறினாலும் நடுக்கடலில் தண்ணீர் இறைத்தே ஆட்கள் களைத்துப்போவார்கள். கலப்பத்து அடிக்கும் சத்தத்தை வைத்தே பொருத்து இறுகிவிட்டதா இல்லையா என்று சொல்லும் காதுகள் அந்தக் கரையில் இருந்தன. கடைசியில் அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்த பூச்சு. பிறகு ஊரே கூடிக் கயிறு பிடித்து, உருளைகளின் மேல் கப்பலைக் கடலில் இறக்கும்.

கப்பலை நடத்துபவர் தண்டையல். நட்சத்திரம், காற்று, நீரின் நிறம் எல்லாம் அவருக்குப் பாடம். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்ப்பார்; குண்டின் அடியில் ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து எந்தக் கரைக்குக் கிட்ட நிற்கிறோம் என்று சொல்வார். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல், மணல்திட்டுகள் நிறைந்தது. இந்த அறிவு இல்லாமல் அங்கே இராப்பயணம் நடக்காது.

என்ன ஏற்றினார்கள்? யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் நல்ல கிராக்கி இருந்தது. பழைய யாழ்ப்பாணத்தின் பெரிய ஏற்றுமதி அது. கூரைக்குப் போடும் பனஞ்சலாகை, பனம்பொருள்கள் போயின. திரும்பி வரும்போது பர்மா அரிசி, தேக்கு, மலையாளக் கரை ஓடு, துணிமணி. வடமராட்சியின் பழைய கல்வீடுகளில் மங்களூர் ஓட்டையும் தேக்கு நிலைகளையும் பார்த்தீர்களானால், அவை கடல்வழியே வந்த செல்வம் என்று கொள்ளலாம். அந்தச் செல்வத்தின் பெரிய அடையாளம் வைத்தீஸ்வரன் கோயில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கப்பல் முதலாளி வேங்கடாசலம்பிள்ளை கட்டுவித்தது. ஊர்க்காரர் சிவன் கோயில் என்பார்கள். கடற்கரை ஊரொன்றில் அவ்வளவு பெரிய சிவன் கோயிலா என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். கப்பலை நினைத்துப் பார்த்தால் அந்த அளவு பொருந்தும்.

சரி, அமெரிக்கக் கப்பலுக்கு வருவோம். அதன் பெயர் அன்னபூரணி. இரண்டு பாய்மரம், சுமார் 90 அடி நீளம். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். அவர் சும்மா பொழுதுபோக்குக்குக் கப்பல் வாங்கிய செல்வந்தர் அல்லர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிறிய பாய்ப்படகொன்றில் உலகைச் சுற்றி வந்து பெயர்பெற்றவர். பாய்க்கப்பலின் நல்லது கெட்டது தெரிந்தவர். அப்படிப்பட்டவர் நம்பி வாங்கினார் என்பதே எங்கள் ஓடாவிமாருக்குக் கிடைத்த சான்றிதழ். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். 1937 இல் புறப்பட்ட கப்பல் கொழும்பு, ஏடன், சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் என்று போய், அத்திலாந்திக்கைத் தாண்டிப் பேர்மியுடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்டில் மாசசூசெற்ஸ் மாநிலத்து குளஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. கூடப் போன வல்வெட்டித்துறைக் கடலோடிகள் பாய் இழுத்தவர்கள். குளஸ்ரர் தானே ஒரு மீனவத் துறைமுகம், கடலறிந்த மக்கள். அங்கே அந்தக் கப்பல் போய் நின்றதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. இயந்திரம் இல்லாத கப்பல் அத்தனை கடலையும் கடந்து முழுதாகப் போய்ச் சேர்ந்தது என்றால், கடற்கரை மணலில் பஞ்சு திணித்த அந்தக் கைகளின் வேலை அது.

ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் என்றால் ஊரை யார் நடத்தியது? பெண்கள். தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். இந்தச் சட்டத்தை 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்தார்கள். வயலும் தோட்டமும் உள்ள ஊர்களிலும் இதே வழக்கம்தான். ஆனால் கடலோடி ஊரில் அதன் பலம் வேறு. அக்கா, தங்கை, சின்னம்மா, பெரியம்மா என்று ஓர் ஒழுங்கை முழுக்க ஒரே தாய்வழிப் பெண்கள். புருஷன் ரங்கூனில் நின்றாலும் வீட்டுக்காரி தனியாக இல்லை. கொடுக்கல் வாங்கல், பிள்ளைகளின் படிப்பு, கோயில் உபயம், சரக்கு விற்ற காசின் கணக்கு எல்லாம் அவள் கையில். கப்பல் முதலாளிகளின் பெயர்கள் எழுதப்பட்டுவிட்டன. இந்தப் பெண்களின் கணக்கறிவை யாரும் ஒழுங்காக எழுதவில்லை என்பது என் மனக்குறை.

இனி, ஏன் போனது என்பதற்கு வருவோம். நீராவிக் கப்பலும் பிறகு லொறியும் வந்து பாய்க்கப்பலைத் தின்றுவிட்டன என்று சுருக்கமாகச் சொல்வதுண்டு. அது உண்மையின் ஒரு துண்டுதான். 1942 இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. பெரிய அடி அது. ஆனால் போர் முடிந்தால் மீளக்கூடிய அடி. மீளாமல் செய்தது எல்லை. இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளாயின. 1948 இன் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு அக்கரைக்குப் போகக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, இறக்குமதிக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக இறுகியது. 1974 இல் பாக்குநீரிணையின் நடுவே இரண்டு அரசுகளும் கோடு கீறிக்கொண்டன. நேற்றுவரை வியாபாரம் என்றிருந்தது அதற்குள் 'கடத்தல்' ஆகிவிட்டது. அதே கடல், அதே ஆட்கள், அதே சேலையும் வேட்டியும் தேங்காயெண்ணெயும். சட்டப்படி குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக எதிர்க்கரையோடு கொண்டு கொடுத்து வாழ்ந்த ஓர் ஊருக்கு வேறு தொழிலும் காட்டாமல், துறைமுகமும் கட்டிக்கொடுக்காமல், கதவை மட்டும் சாத்திவிட்டு 'கள்ளக்கடத்தல்காரர்' என்று பட்டம் சூட்டியது நியாயமென்று எனக்கு ஒருநாளும் பட்டதில்லை.

அதன் பிறகு போர். விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் பிறந்த ஊர் என்பதால் வெளியுலகத்துக்கு இந்த ஊரின் பெயர் அந்த ஒன்றோடு ஒட்டிவிட்டது. அந்த வரலாறு வேறு ஒரு நீண்ட பதிலுக்குரியது. 1987 இன் வடமராட்சிப் படை நடவடிக்கை, 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படை ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது, ஆண்டுக்கணக்கான மீன்பிடித் தடைகள், இடப்பெயர்வுகள் என்று இங்கே பெயர் மட்டும் சொல்லிவைக்கிறேன். போன உயிர்களோடு கொப்பிகள், கடிதங்கள், படங்கள், ஓடாவிமாரின் ஆயுதப் பெட்டிகள் எத்தனையோ போயின. கப்பல் வரலாற்றை எழுத இன்று தடயம் அரிதாக இருப்பதற்கு அதுவும் காரணம்.

இன்றைய ஊர் பெரும்பாலும் மீன்பிடியிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசிலும் நிற்கிறது. ஆதிகோவிலடிப் பக்கம் விடியற்காலையில் போனால் கண்ணாடியிழைப் படகுகள் வான் வழியாக வரும். மீனைத் தரையில் கொட்டி ஏலம் கூறுவார்கள். அறக்குளா, பாரை, விளைமீன் வந்த நாளில் குரல் உயரும். சூடையும் கும்பிளாவும் மட்டும் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். கறிக்கு ஆகாத பொடிமீனும் நண்டும் இறாலும் கூழுக்குப் போகும். ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா), பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, பழப்புளி, செத்தல் மிளகாய் எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சி, பலாவிலையைக் கோலிக் குடிப்பார்கள். தனியாகக் கூழ் குடிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை; ஒழுங்கையில் போகிறவரையும் கூப்பிடுவார்கள்.

மீன்பிடிக்காரரின் பெரிய துன்பம் இழுவைமடிப் படகுகள். தமிழ்நாட்டுப் படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி இரவுகளில் இந்தப் பக்கம் வரும். கடலடியை வாரிக்கொண்டு போகும். எங்கள் ஆட்கள் விட்ட வலைகளும் அதோடு போகும். ஓர் இரவில் வலை போனால் கடன்பட்டுத்தான் மறுபடி வாங்க வேண்டும். இலங்கை 2017 யூலையில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் படகுகள் வருகின்றன, பிடிபடுகின்றன, திரும்பவும் வருகின்றன. எனக்கு இதில் மிகவும் நோவது, வலை இழந்தவரும் படகில் வந்து பிடிபட்டவரும் தமிழர், இரண்டு பேருமே கூலிக்கும் கடனுக்கும் உழைப்பவர்கள் என்பது. தாத்தாக்கள் அரிசியும் புகையிலையும் மாற்றிக்கொண்ட அதே கடலில் பேரன்மார் வலைக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். இதைக் கடற்படைகளிடம் விட்டுவிடாமல், இரண்டு கரை மீனவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பழைய கடல் ஊரின் குணம் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நீச்சலில் பாருங்கள். 1954 இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திப் பாக்குநீரிணையைக் கடந்தார். எடுத்த நேரம் 27 மணி. 1971 இல் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப்போய் நிற்காமல் திரும்பியும் வந்தார். கப்பலில் போகவிடாத கடலை நீந்திக் கடந்தார்கள்.

தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியைக் கட்டாயம் பாருங்கள். கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்ற பழைய வடிவங்களோடு இப்போது கப்பல், விமானம், விலங்கு என்று ஆளுயரத்துக்கும் மேலான பட்டங்கள் ஏறும். மூங்கிலைச் சீவி, இருபக்கமும் எடை பார்த்து, முச்சை என்ற இழுகயிற்று முடிச்சைக் கட்டி, வாடைக்காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்து ஏற்றுகிறார்கள் பொடியள். பட்டத்தில் கட்டிய 'விண்' என்ற நாடா காற்றில் அதிர்ந்து கூவும் சத்தம் இரவிலும் கேட்கும். மரத்தையும் கயிற்றையும் காற்றையும் ஒன்றாக வைத்து யோசிக்கிற அந்தத் திறமை, ஓடாவிமாரின் பிள்ளைகளுக்கு வேறு எங்கிருந்து வந்திருக்கும்? சித்திரைப் பூரணையில் முத்துமாரி அம்மன் தீர்த்தம், அன்றிரவு இந்திரவிழா. வீதி முழுக்க வெளிச்சமும் வேடிக்கையும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்க்காரர் அந்த நாளுக்கு லீவு எடுத்து வருவார்கள்.

கப்பல் வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் எழுபது எண்பது வயது தாண்டியவர்களிடம் அன்னபூரணியைப் பற்றிக் கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். அவர்களுடைய பாட்டனார் எந்தத் துறைக்குப் போனார், யாருடைய கப்பல், என்ன சரக்கு, பாட்டி எந்த மாதத்தில் வாசலைப் பார்த்தபடி இருந்தாள் என்று கேளுங்கள். பாயின் பெயர், கயிற்றின் பெயர், முடிச்சின் பெயர் என்று கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்து இதைக் கேட்க ஆள் இருக்காது.

அக்கரைக்கு இப்போது மறுபடி ஒரு வழி திறந்திருக்கிறது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்பவும் ஓடியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். வடமராட்சியார் பலர் அதில் போய்ச் சிதம்பரமும் வேளாங்கண்ணியும் பார்த்து வருகிறார்கள். சரக்கு வியாபாரத்துக்கும் சிறு துறைகளைத் திறந்துவிட்டால் வல்வெட்டித்துறைக்கு அதில் ஒரு பங்கு கிடைக்கும் என்றே நம்புகிறேன். முதலில் வானை ஆழப்படுத்தி, வாடையிலும் படகு நிற்கக்கூடிய ஓர் அலைதடுப்பைக் கட்டவேண்டும்.